சோல், ஃபங்க் இசைகளின் மறுமலர்ச்சி

இறந்துபட்டன என்று கருதப்பட்ட கலைகள் மீண்டும் உயிர்பெற்று எழுதலை வரலாறு பல காலங்களிற் காட்டுகின்றது. ஏட்டுச் சுவடியில் உறங்கிய நூலொன்று அச்சேறுங்கால் அந்நூல் மீண்டதெனப்படும். சொல் முழுவதும் ஏட்டில் இருத்தலின், அதனைக் கண்டெடுத்துப் பிழைதீர்த்துப் பதிப்பித்தலே அங்குப் பெரும்பணியாகும். இசையின் நிலை அத்தகையதன்று. இசைத்தட்டில் ஒலி எஞ்சியிருப்பினும், அவ்வொலியை ஆக்கிய கைத்திறனும், பலர் ஒருங்கிருந்து வாசிக்கும் பழக்கமும், பாடுவோரின் வாழ்வும் தட்டில் எஞ்சுவதில்லை. ஆகவே ஓர் இசை மீண்டெழுந்தது எனக் கூறுமிடத்து, மீண்டது யாது என்னும் வினா எழுகின்றது. ஒலி மட்டுமா? அதனை ஆக்கும் தொழிலா? அன்றி, அதனைப் படைத்தும் பயன்பெறாது போன மாந்தரும் உடன் மீண்டனரா?

இவ்வினாவை ஆராய்தற்கு ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றிய சோல், ஃபங்க் என்னும் இசைவகைகளின் வரலாறு தக்கதொரு சான்றாகும். இவை 1960களிற் செழித்து, 1970களின் பிற்பகுதியில் தளர்ந்து, 1990களின் நடுப்பகுதி தொடக்கம் மறுமலர்ச்சியுற்றன. எழுச்சி, வீழ்ச்சி, மறுவரவு ஆகிய மூன்றும் ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்ந்தமையால், முதலிற் புறக்கணிக்கப்பட்டோர் சிலர் தம் கலையின் மறுவரவைத் தாமே காணும் பேறு பெற்றனர். இம்மறுமலர்ச்சியின் தனிச்சிறப்பும் அதன் குறையும் இவ்வுண்மையிலேயே அடங்கியுள்ளன.

தோற்றமும் இயல்பும்

சோல் என்னும் ஆங்கிலச் சொல் ஆன்மா எனப் பொருள்படும். பெயருக்கேற்ப இவ்விசையின் வேர் வழிபாட்டிலே உள்ளது. கறுப்பின மக்களின் தேவாலயங்களிலே போதகர் குரலெழுப்ப, சபையார் எதிர்க்குரல் கொடுத்துப் பாடும் ‘கொஸ்பெல்’ என்னும் வழிபாட்டிசை வழங்கிவந்தது. அதன் உருக்கத்தையும் எழுச்சியையும் உலகியற் காதற் பாடலுக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் ரே சார்ள்ஸ். 1954ஆம் ஆண்டில் அவர் ஒலிப்பதிவு செய்த ‘ஐ கொட் எ வுமன்’ என்னும் பாடல் இப்புது நெறியின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படும். இறைவனைப் பாடும் முறையிற் பெண்ணைப் பாடுதல் தகுமோ எனச் சமயப்பற்றாளர் சிலர் வெகுண்டனர். இளைஞரோ அதனை விரும்பி ஏற்றனர்.

இந்நெறி இரு நகரங்களிற் பெருவளர்ச்சி கண்டது. டெற்றோயிற் நகரில் பெரி கோர்டி என்பார் 1959இல் மோட்டவுன் நிறுவனத்துக்கு அடிகோலினார். மெம்பிஸ் நகரில் ஜிம் ஸ்டுவர்ட் 1957இல் தொடங்கி, தம் தமக்கையார் எஸ்டெல் அக்ஸ்ரனுடன் சேர்ந்து வளர்த்த நிறுவனம் 1961 முதல் ஸ்டாக்ஸ் எனப் பெயர் பெற்றது. மூடப்பட்டுக் கிடந்த படமாளிகை ஒன்றே அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. இனிப்புப் பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை அமைந்தது. படமாளிகையின் சரிவான தளம் அவ்வாறே விடப்பட்டமையால் அங்குப் பதிவாகிய ஒலிக்குத் தனித்ததோர் இயல்பு வாய்த்தது. நிறவேற்றுமை தலைவிரித்தாடிய அந்நகரிலே, 1960களின் நடுப்பகுதியில் ஸ்டாக்ஸின் முதன்மை இசைக்குழுவிற் கறுப்பினத்தவர் இருவரும் வெள்ளையர் இருவரும் ஒருங்கே வாசித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஃபங்க் என்பது சோலிலிருந்து கிளைத்தது. ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரில் வளர்ந்த ஜேம்ஸ் பிரவுனே அதன் தந்தை எனப் போற்றப்படுபவர். 1965இல் வெளிவந்த ‘பாப்பாஸ் கொட் எ பிராண்ட் நியூ பாக்’, 1967இல் வெளிவந்த ‘கோல்ட் ஸ்வெற்’ ஆகிய பாடல்கள் அதன் பிறப்பை அறிவித்தன. அக்காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் நான்கெண்ணும் தாளத்தில் இரண்டாம், நான்காம் எண்களை அழுத்தின. பிரவுனோ முதலெண்ணில் இசைஞர் யாவரும் ஒருங்கே வந்து விழுமாறு அமைத்தார். கருநாடக இசையறிந்தோர் இதனை ஆவர்த்தனத்தின் தொடக்கமாகிய சமத்தில் வந்து கூடுதலோடு ஒப்பிட்டு உணரலாம். முதலெண்ணில் ஒன்றுகூடிய கருவிகள் பின்பு ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து வாசிக்கும். கித்தாரும் ஊதுகருவிகளும் பாடகரின் குரலுங்கூடத் தாளக்கருவிகளாகவே தொழிற்படும். மெட்டினை விடத் தாளமே தலைமை பெற்ற இசை இது.

இவ்விரு வகைகளுக்கும் பொதுவாகிய ஒன்றுண்டு. இசைஞர் பலரும் ஓரறையிற் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே வேளையில் வாசிக்க, அது அப்படியே காந்தநாடாவிற் பதிவாயிற்று. ஒருவர் பிழைத்தால் யாவரும் மீள வாசித்தல் வேண்டும். ஒரு கருவியின் ஒலி மற்றொன்றின் ஒலிவாங்கியிற் கசிந்தது. பதிவின் தூய்மைக்கு இக்கசிவு குறையாகலாம். எனினும் அக்கால இசைத்தட்டுகளின் உயிர்ப்பிற்கு அதுவுமோர் காரணமாகும்.

தளர்ச்சி

1967 டிசம்பர் 10இல் ஸ்டாக்ஸின் தலைசிறந்த பாடகர் ஒற்றிஸ் றெடிங் தமது 26ஆம் வயதில் விமான விபத்தில் மாண்டார். 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரின் லொறெயின் விடுதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடுதியே ஸ்டாக்ஸின் இசைஞர் நிறவேற்றுமையின்றிக் கூடியிருந்து பாடல் புனைந்த இடமுமாகும். அந்நகரில் இரு இனத்தாரும் இணைந்து இசைத்தல் அதன்பின் முன்போல் எளிதாயிருக்கவில்லை. 1972இல் மோட்டவுன் நிறுவனம் டெற்றோயிற்றை விட்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது. 1975இன் இறுதியில் ஸ்டாக்ஸ் கடன்பட்டு முறிந்தது.

நிறுவனங்களின் முறிவோடு தொழில்முறையும் மாறிற்று. 16, 24 தடங்களிற் பதியும் பொறிகள் வந்தபின் ஒவ்வொரு கருவியையும் தனித்தனி நாளிற் பதிதல் இயல்வதாயிற்று. ‘டிஸ்கோ’ என்னும் நடன இசை ஃபங்கின் இடத்தைக் கவர்ந்தது. 1980இல் யப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட தாளப்பொறி போன்றவை முழவு வாசிப்போரின் வேலையைப் பறித்தன. பத்துப்பேர் கொண்ட இசைக்குழுவிற்கு ஊதியம் கொடுப்பதை விட ஒரு பொறியை வாங்குதல் மலிவாகத் தோன்றியது. 1989இல் ஸ்டாக்ஸ் கட்டடம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

பழைமையைக் காத்தோர்

பிறந்த நாட்டிற் புறக்கணிக்கப்பட்ட இவ்விசையை இரு சாரார் இருவேறு வழிகளிற் காத்தனர்.

முதற்சாரார் வட இங்கிலாந்தின் தொழிலாள இளைஞர். மன்செஸ்டர், விகன் முதலாய ஊர்களில் அவர்கள் விடியுமளவும் சோல் இசைக்கு ஆடினர். 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கசினோ என்னும் நடனக்கூடம் அவ்வியக்கத்தின் தலைமைக் களமாக விளங்கியது. அமெரிக்காவிற் புகழடைந்த பாடல்களை விட, அங்கு விலைபோகாது ஒதுங்கிய அரிய தட்டுகளையே அவர்கள் தேடினர். தட்டுச் சுழற்றுவோர் தமது அரும்பொருளைப் பிறர் அறியாவண்ணம் அதன் பெயர்ச்சீட்டை மறைத்துவைத்ததும் உண்டு. இத்தேட்டத்தால் மறைந்தொழிந்திருக்கக்கூடிய தட்டுகள் பல பிழைத்தன. எனினும் இதிலொரு முரண்பாடும் உளது. 1965இல் மோட்டவுன் நிறுவனம் ஃபிராங்க் வில்சனைப் பாடுவித்து, வெளியிடாது விட்ட தட்டொன்றின் படி 2009இல் 25,000 பவுணுக்கு மேல் விலைபோயிற்று. பழந்தட்டுக் கைமாறும்போது வரும் பணம் விற்பவரைச் சேருமேயன்றிப் பாடியவரைச் சேர்வதில்லை.

இரண்டாஞ் சாரார் நியூ யோர்க் நகரின் கறுப்பின இளைஞர். 1973 ஓகஸ்ட் 11இல் பிரொங்ஸ் பகுதியில் நிகழ்ந்த ஒரு விருந்திலே, யமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்பார் தட்டுச் சுழற்றினார். பழைய ஃபங்க் பாடல்களில் முழவு தனித்தொலிக்கும் சிறு பகுதிகளை இரு தட்டுகளைக் கொண்டு மாறிமாறி இயக்கி நீட்டிக்கும் முறையை வளர்த்தவர் அவரே. ‘ஹிப்-ஹொப்’ என்னும் இசை இவ்வாறே முளைத்தது. 1980களில் ஒலித்துணுக்குகளை வெட்டியெடுத்து மீள இயக்கும் பொறிகள் பரவியபோது, ஜேம்ஸ் பிரவுனின் பழந்தட்டுகள் அள்ள அள்ளக் குறையாத சுரங்கமாயின.

அச்சுரங்கத்தில் மிகுதியும் அகழப்பட்டது 1970இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் தட்டு. அதிலே கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் சில நொடிகள் தனித்து வாசித்த முழவு நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. ஆனால் பாடலாசிரியர் என்ற உரிமை பிரவுன் பெயரிலேயே இருந்தமையால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு உரிமைப்பங்கு யாதுமில்லை. தமக்குப் பெயரும் தரப்படவில்லை, பணமும் தரப்படவில்லை என அவர் பிற்காலத்திற் கூறினார். 2017இல் அவர் காலமானார். உலகம் கேட்டு ஆடிய கைத்தொழில் அவருடையது. அக்கைக்குரியவர் இன்னாரென்பதைப் பெரும்பாலோர் அறியார்.

இவ்விரு சாராரும் காத்தது ஒலியையே. தட்டுப் பிழைத்தது, தாளம் பிழைத்தது. அவற்றை ஆக்கியோரிற் பலர் வறுமையிலும் மறதியிலும் கிடந்தனர்.

தொழில் மீண்டமை

1990களின் நடுப்பகுதியில் நியூ யோர்க்கில் ஃபிலிப் லேமன், கேப்ரியல் ரோத் என்னும் இளைஞர் இருவர் டெஸ்கோ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பழைய தட்டுகளைச் சேர்ப்பதோடு நில்லாது அவை ஆக்கப்பட்ட முறையிலேயே புதியனவற்றை ஆக்குதல் அவர்களின் நோக்கமாகும். தொடக்கத்தில் அவர்கள் ஒரு குறும்பு செய்தனர். 1970களில் வந்த குங்ஃபூத் திரைப்படமொன்றின் இசையென்று கூறித் தாமே இயற்றிய தட்டொன்றை வெளியிட்டனர்; அத்தகைய படமோ எக்காலத்தும் இருந்ததில்லை. பழையதென்று கூறினாலன்றி இவ்வகை இசையைத் தட்டுத் தேடுவோர் வாங்கார் என்ற நிலையை இது புலப்படுத்துகின்றது. போலி என்ற குற்றச்சாட்டுக்கு இம்மறுமலர்ச்சி தானே முதற்சான்று அளித்தது எனவும் கூறலாம்.

டெஸ்கோ 2000ஆம் ஆண்டளவிற் பிரிந்தபின், ரோத்தும் சக்சபோன் இசைஞர் நீல் சுகர்மனும் டாப்டோன் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். புறூக்லினின் புஷ்விக் பகுதியிலிருந்த சாதாரண வீடொன்று அவர்களின் ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. அவ்வீட்டைச் செப்பனிடும் வேலையில் இசைஞரே கைகொடுத்தனர். கணினியிற் பதிதல் எங்கும் வழக்காகிவிட்ட அந்நாளில் அவர்கள் 8 தடங்கள் கொண்ட காந்தநாடாப் பொறியைப் பயன்படுத்தினர். பழம்பொருளின் மீது கொண்ட ஆசை மட்டும் இதற்குக் காரணமன்று. தடங்கள் குறைவாயின், கருவிகளின் ஒலியளவை வாசிக்கும்போதே தீர்மானித்தல் வேண்டும். பின்னர்த் திருத்தலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. ஆகவே இசைஞர் நன்கு பயின்று, ஒருங்கே வாசிக்க வேண்டியவராயினர். கருவியின் குறுக்கமே பழைய ஒழுங்கை மீட்டுத்தந்தது.

காலந்தாழ்ந்து வந்த புகழ்

தொழில் மீண்டதோடு அமைந்திருப்பின் இம்முயற்சி திறமான பயிற்சியாகவே முடிந்திருக்கும். அதனை வரலாறாக்கியவர் பாடகர்.

ஷரன் ஜோன்ஸ் 1956இல் ஒகஸ்டாவிற் பிறந்து நியூ யோர்க்கில் வளர்ந்தவர். தேவாலயத்திற் பாடிப் பழகிய அவருக்கு இசைநிறுவனங்களின் கதவு திறக்கவில்லை. குள்ளமானவர், பருத்தவர், மிகக் கறுத்தவர், வயது கடந்தவர் என அவர் தள்ளப்பட்டார். ரைக்கர்ஸ் தீவுச் சிறைச்சாலையிற் காவலராகவும், பணம் கொண்டுசெல்லும் கவசவண்டியின் காவலராகவும் தொழில் பார்த்தார். 1996இல் லீ ஃபீல்ட்ஸ் என்னும் பாடகரின் பதிவொன்றுக்குத் துணைக்குரல் கொடுக்க வந்தவரின் ஆற்றலை டெஸ்கோவினர் கண்டுகொண்டனர். 2002இல், தமது 46ஆம் வயதில், டாப்-கிங்ஸ் இசைக்குழுவுடன் அவர் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2007இல் வெளிவந்த ‘100 டேய்ஸ், 100 நைற்ஸ்’ அவர் பெயரை நாடுகள் பலவற்றிலும் பரப்பியது. 2013இற் புற்றுநோய் கண்ட பின்னரும், மருத்துவத்தால் முடியிழந்த தலையோடு மேடையேறி ஆடிப் பாடினார். 2016 நவம்பர் 18இல் மறைந்தார்.

சார்ள்ஸ் பிராட்லியின் வரலாறு இதனினும் உருக்கமானது. 1948இற் பிறந்த அவர் 1962இல் அப்பொலோ அரங்கில் ஜேம்ஸ் பிரவுனைக் கண்டு தாமும் பாடகராதல் வேண்டும் எனத் துணிந்தார். ஆயினும் நெடுங்காலம் சமையற்காரராக வாழ்ந்தார். பின்னர்ப் புறூக்லினின் இரவுக் கூடங்களிற் பிரவுனைப் போல வேடம்புனைந்து பாடினார். டாப்டோனின் தொடர்பு கிடைத்தபின், தோமஸ் பிரெனெக் என்னும் இளம் இசைஞர் அவருடைய வாழ்க்கைத் துயரையே பாடலாக்கத் தூண்டினார். உடன்பிறந்தவர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரமும் அவ்வாறு பாடலாயிற்று. 2011இல் அவரது முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது 62. பிறர் வேடத்தில் வாழ்ந்தவர் தம் சொந்தக் குரலை முதுமையிலே பெற்றார். ஆறே ஆண்டுகளின் பின், 2017 செப்டெம்பர் 23இல், அவரும் மறைந்தார்.

இவர்கள் தனித்த எடுத்துக்காட்டுகள் அல்லர். 1969இல் முதல் தட்டு வெளியிட்டுப் பின்னர் ஒதுங்கியிருந்த லீ ஃபீல்ட்ஸ் 2009இல் ‘மை வேல்ட்’ என்னும் தொகுப்பால் மறுவாழ்வு பெற்றார். டெற்றோயிற்றைச் சேர்ந்த பெற்றி லாவெற் 1972இற் பாடிய தொகுப்பு நிறுவனத்தாற் கிடப்பில் இடப்பட்டது. 2000இற் பிரெஞ்சுத் தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அதனை வெளியிட்ட பின்னரே அவர் மீண்டும் பெருமேடைகளுக்கு வந்தார்.

கடனும் உரிமையும்

இம்மறுமலர்ச்சியின் பெரும்பயன் யாரைச் சேர்ந்தது என்பதும் ஆராயத்தக்கது. 2006 ஒக்ரோபரில் வெளிவந்த ‘பாக் ரு பிளாக்’ என்னும் தொகுப்பால் இலண்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸ் உலகப் புகழடைந்தார். அதன் பாடல்களுட் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் மார்க் ரொன்சன் அழைத்தது ஷரன் ஜோன்ஸின் டாப்-கிங்ஸ் குழுவையே. 2008இல் வைன்ஹவுஸ் ஐந்து கிராமி விருதுகளை வென்றார். ஜோன்ஸோ ஒருமுறை அவ்விருதுக்குப் பெயர் குறிக்கப்பட்டாரன்றி வென்றாரல்லர். வைன்ஹவுஸின் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது. அவர் வெற்றியால் டாப்-கிங்ஸ் குழுவும் பெயர் பெற்றது. ஆயினும், அதே இசைஞர் அதே ஒலியை எழுப்பியபோது, 24 வயதுடைய இளநங்கைக்குத் திறந்த வாயில் 50 வயதுடைய கறுப்பின மாதுக்கு அவ்வளவு திறக்கவில்லை என்பதை வரலாறு குறித்தல் வேண்டும்.

சட்டமும் இவ்விடத்தே நுழைந்தது. 2014இல் ரொன்சனும் புரூனோ மார்ஸும் வெளியிட்ட ‘அப்டவுன் ஃபங்க்’ அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1979இல் வெளிவந்த பாடலொன்றின் சாயல் அதில் உளதெனக் கோரப்பட்டபின், அதனை இயற்றிய காப் பாண்ட் குழுவினர் 2015இல் இணையாசிரியராகச் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டில், 2013இன் ‘பிளேர்ட் லைன்ஸ்’ என்னும் பாடல் மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாடலைத் தழுவியது என நடுவர் குழு தீர்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதனை உறுதிசெய்தமையால், 50 இலட்சம் டொலருக்கு மேல் கேயின் குடும்பத்தாருக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. ஒரு நடையும் தாளப்போக்குமே ஒருவரின் உடைமையாகுமாயின் புதியவர் எதனைத் தொடுவது என இசைஞர் பலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் ஸ்டபிள்ஃபீல்ட் போன்றோர் பெறாது போனதை எண்ணுமிடத்து, அத்தீர்ப்பின் பின்னுள்ள மனக்குறையும் நியாயமானதே.

போலியோ, மரபோ?

மறுமலர்ச்சி இசை வெறும் போலி என்பாருமுளர். 1960களின் சோல் மனிதவுரிமைப் போராட்டத்தோடு பிறந்தது. அக்காலம் நீங்கியபின் அதன் ஒலியை மட்டும் ஆக்குதல் உயிரற்ற பாவையைச் செய்தல் போலும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பழங்கருவியும் பழைய உடையும் மட்டுமே கொண்டெழுந்த குழுக்கள் பல விரைவில் மறைந்தன.

ஆயினும் மரபு என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவது. ஜோன்ஸும் பிராட்லியும் ஃபீல்ட்ஸும் பழங்காலத்தைப் பாவனை செய்தவரல்லர். அக்காலத்திலே வளர்ந்து, அதன் பயனை அடையாதவர். அவர்களோடு வாசித்த இளைஞர் பலர் வேற்றினத்தவராயினும், தட்டிற் கேட்டுப் படித்ததை அம்மூத்தோரின் குரலோடு சேர்ந்து வாசித்தே நிறைவு செய்தனர். மூத்தோர் தாம் பாடியதில் பழம்பாட்டைவிடத் தம் வாழ்வே மிகுதி. ஒலி, தொழில், மாந்தர் என்னும் மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே மறுமலர்ச்சி உண்மையாயிற்று. ஒலி மட்டும் எடுக்கப்பட்ட இடத்தில் அது வாணிகமாயிற்று, கடனும் எஞ்சியது.

2021இல் புரூனோ மார்ஸும் அண்டர்சன் பாக்கும் சில்க் சோனிக் என்னும் பெயரில் வெளியிட்ட தொகுப்பு 1970களின் நடையைப் பெருந்திரளானோரிடம் மீண்டும் கொண்டுசென்றது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இளமையில் வாசித்த பூட்சி கொலின்ஸ் அத்தொகுப்பிற் கட்டியங்கூறுபவராகக் குரல் தந்தார். அதற்கு முன்னரே, மெம்பிஸில் இடிக்கப்பட்ட ஸ்டாக்ஸ் கட்டடம் அதே நிலத்தில், முன்னிருந்த தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு, 2003இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன் அயலில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இசைக்கழகம் இளைஞர்க்கு அவ்விசையைக் கற்பித்து வருகின்றது. இடித்த கட்டடத்தைச் செங்கல்லால் மீண்டும் கட்டிவிடலாம். புறக்கணித்த பாடகரை அவர் காலமானபின் எவ்வாற்றானும் மீட்டல் இயலாது. ஷரன் ஜோன்ஸுக்கும் சார்ள்ஸ் பிராட்லிக்கும் கிடைத்த சில ஆண்டுகள், அந்த வாயில் அடைபடுமுன் சிலர் விரைந்து சென்று அழைத்தமையாற் கிடைத்தவை. கலையைக் காக்க விழைவோர் ஏட்டையும் தட்டையும் தேடுமுன், அவற்றை ஆக்கியவர் உயிரோடுளரா என உசாவுதல் முதற்கடன் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.